தொட்டிக்கு ஆகாதது

மார்ச் 3, செவ்வாய்

காலையில் சமையலறைக் கழிவு வாளிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். முதல் வாளியில் பாதி கடித்த ரொட்டி, சோறு, காய்கறித் தோல். இரண்டாவதிலும் அதேதான், மேலே யாரோ கழற்றிப் போட்ட கையுறை. மூன்றாவதில் புழு. வாளியின் விளிம்பு வரை ஏறி வந்துவிட்டது. மதியம் சாப்பிட முடியவில்லை. சோற்றைப் பார்த்தாலே நெளிகிற மாதிரி இருந்தது.

இருபத்திரண்டு வருஷமாக இந்த மருத்துவமனையில் தொற்றுத் தடுப்பு நர்ஸ் நான். அறுவை அரங்கின் சுவரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு டாக்டர்களையே வெளியே நிறுத்தியவள். எனக்கு நேற்று நிர்வாகி கொடுத்திருக்கும் புது மரியாதை: எரிவாயுத் தொட்டியின் மேற்பார்வை. "கழிவெல்லாம் உங்க துறைதானே, சிஸ்டர்" என்றார். அவர் கையில் நாற்றம் ஒட்டாமல் இருக்க என் கை தேவைப்படுகிறது, வேறொன்றுமில்லை.

போன வருஷம் ஏதோ மாநாட்டுக்குப் போய்விட்டு வந்து சமையலறைக்குப் பின்னால் இதைக் கட்டினார். வார்டிலும் உணவகத்திலும் மிஞ்சுவதை அரைத்து, சம அளவு தண்ணீரில் கரைத்து ஊற்றினால், உள்ளே அழுகி எரிவாயு வரும். மூன்று அடுப்பில் ஒன்று காலையிலிருந்து மதியம் வரை அதில்தான் எரிகிறது. எரிகிறது, உண்மைதான். அதற்காக, நோயாளிக்குக் கஞ்சி காய்ச்சும் இடத்துக்கு இருபதடி தள்ளிப் பத்தாயிரம் லிட்டர் அழுகலை வைத்துக்கொள்வதா?

தொட்டியைப் பார்த்துக்கொள்ள ஒரே ஆள். ஐம்பது வயதிருக்கும், எல்லோரும் தொட்டிக்காரர் என்றே சொல்கிறார்கள். பதினோரு மாதமாக இவர்தான். கூழை வெறுங்கையால் தொடுகிறார், விரலில் நசுக்குகிறார், பிறகு மோந்து பார்க்கிறார். மோந்து பார்த்துவிட்டு, உப்பு சரியாக இருக்கிறது என்பது போலத் தலையை ஆட்டுகிறார். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

மார்ச் 4, புதன்

விதி எழுதி ஒட்டிவிட்டேன். வாளி, அரைக்கும் மெஷின், கலக்கும் குழி, மூன்றையும் காலையும் மாலையும் ப்ளீச்சிங் பவுடர் தண்ணீரில் கழுவ வேண்டும். கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் விட வேண்டாம். கூழ் கரைக்க எப்படியும் தண்ணீர் வேண்டும், அதையே குழியில் விடலாம். தண்ணீர் மிச்சம், கிருமி மிச்சமில்லை.

தொட்டிக்காரர் படித்துவிட்டு, "இது தொட்டிக்கு ஆகாது, சிஸ்டர்" என்றார்.

"கிருமிக்கு ஆகாதுன்னு சொல்லுங்க" என்றேன்.

சமையல் அக்கா சிரித்தாள். நல்ல பதில்தான் என்று எனக்கும் தோன்றியது. தொட்டிக்காரர் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் 9, திங்கள்

கூட்டம். தலைப்பு: ஆற்றலைச் சிக்கனமாகப் பயன்படுத்துவது. கூட்ட அறையில் ஏ.சி. பதினெட்டில். பாதிப் பேர் கையைக் கட்டிக்கொண்டு நடுங்குகிறார்கள், கணக்குப் பிரிவுப் பெண் துப்பட்டாவைத் தலையோடு சுற்றியிருந்தாள். ஆளுக்கொரு பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீர். நடுவில் கரண்ட் போய், ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது. டீசல் புகை உள்ளேயே வந்தது. நிர்வாகி எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து தொடர்ந்தார்.

"பூமிக்கு அடியில கோடி வருஷமா சேர்ந்ததை நாம நூறு வருஷத்துல எரிச்சுத் தீர்க்கறோம். தீர்ந்தா திரும்ப வராது. ஆனா நம்ம மிச்சம் மீதி தினமும் வரும். சூரியன் தினமும் வரும்."

ஒரு வார்த்தை தப்பில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மொட்டை மாடியில் அவரே வைத்த சூரியத் தகடுகளில் புறா எச்சம் ஒரு விரல்கடை தடிமனில் இருக்கிறது, ஒரு வருஷமாக யாரும் துடைக்கவில்லை. நான் போய்ப் பார்த்தேன். ஊருக்குத்தான் உபதேசம்.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி பசுமை மருத்துவமனைச் சான்றிதழ் கொடுக்கும் குழு வருகிறதாம். தொட்டிதான் அவருடைய துருப்புச் சீட்டு. "அடுப்புல நீலமா எரியணும், சிஸ்டர். அதை அவங்க பார்க்கணும்."

எரியும். ஆனால் சுத்தமாக எரியும். அது என் பொறுப்பு.

மார்ச் 14, சனி

கையும் களவுமாகப் பிடித்தேன்.

தொட்டிக்காரர் வாளிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பின்னால் இருக்கிற குழாய்க்குக் கொண்டுபோகிறார். பவுடர் தண்ணீரை அப்படியே சாக்கடையில் கவிழ்க்கிறார். அப்புறம் வெறும் தண்ணீர் பிடித்துக் கலக்கும் குழிக்கு எடுத்து வருகிறார். பத்து நாளாக இதுதான் நடக்கிறதாம். ஜெனரேட்டர் ஆபரேட்டர் சொன்னான். பதிவேட்டில் மட்டும் காலை மாலை கையெழுத்து மணி மணியாக.

"பவுடர் போட்டுக் கழுவினேன்னுதானே கையெழுத்து? கழுவினேன் சிஸ்டர். கழுவின தண்ணியைத்தான் உள்ள விடலே" என்கிறார். என்னமா பேசறார் பாருங்க. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு மனிதர் பொய்க் கையெழுத்துப் போடுவதைக்கூட மன்னித்துவிடலாம், அதற்கு வியாக்கியானம் சொல்வதைப் பொறுக்க முடியாது.

எழுத்து மூலம் எச்சரிக்கை கொடுத்துவிட்டேன். நாளையிலிருந்து நானே பக்கத்தில் நின்று குழியில் ஊற்றச் சொல்லப் போகிறேன்.

மார்ச் 15, ஞாயிறு

நின்றேன். ஊற்றினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மார்ச் 20, வெள்ளி

ஐந்து நாளாக வாளியில் ஒரு புழு இல்லை, குழிச் சுவர் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. அறுவை அரங்கத் தரையைப் போல. பார்க்கவே நிம்மதி.

சமையல் அக்காதான் முணுமுணுக்கிறாள். "அடுப்பு இருமுது சிஸ்டர். கஞ்சி கொதிக்க முன்னையவிட ரெண்டு மடங்கு நேரமாகுது." அடுப்பு பழசு, மாற்றச் சொல்கிறேன் என்றேன். வார்டில் என்னைப் 'பவுடர் சிஸ்டர்' என்று கூப்பிடுகிறார்களாம். கூப்பிடட்டும். பவுடர் இல்லாத வார்டில் அவர்கள் மாமியாரைப் படுக்க வைக்கட்டும், பிறகு பேசலாம்.

மார்ச் 24, செவ்வாய்

அடுப்பு அணைந்துவிட்டது. குழாயைத் திறந்தால் புஸ் என்று ஒரு மூச்சு, அவ்வளவுதான்.

நாற்றமும் மாறிவிட்டது. முன்பு சாணி நாற்றம். இப்போது புளித்த நாற்றம், மூக்கின் உள்ளே ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. வீட்டுக்கு வந்து இரண்டு தடவை குளித்தேன்.

தொட்டிக்காரர் ஊற்றுவதை நிறுத்திவிட்டார். "இன்னைக்குப் போட வேணாம். அதுக்குச் செரிக்கலே. கொஞ்ச நாள் பட்டினி போடணும்" என்று வாளிகளை ஓரமாக அடுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். வேலை செய்யாமல் இருக்க இப்படி ஒரு காரணம் நான் கேட்டதே இல்லை. நிர்வாகி போனில், "காஸ் வரலேன்னா இன்னும் ரெண்டு மடங்கு போடச் சொல்லுங்க" என்றார். போடச் சொன்னேன். போட்டார்.

மார்ச் 28, சனி

வீட்டுக்காரரிடம் புலம்பினேன். அவர் முப்பது வருஷம் அனல்மின் நிலையத்தில் கரி தள்ளும் பிரிவில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர். இருமிக்கொண்டே கேட்டார். அந்த இருமல் அங்கே சம்பாதித்ததுதான்.

"எங்க கரியில இந்தத் தொல்லையே இல்லை" என்றார். "ஈரமா இருந்தாலும் எரியும், திட்டிக்கிட்டே போட்டாலும் எரியும். அது செத்துக் கோடி வருஷமாச்சு. செத்ததை யாரும் புதுசா கொல்ல முடியாது. உங்க தொட்டி அப்படியில்லை போலிருக்கு."

"அப்படியில்லைன்னா?"

"எனக்கென்ன தெரியும். செரிக்கலேன்றாரு, பட்டினி போடணும்ன்றாரு உங்க ஆளு. உயிரோட இருக்கறதைப் பத்திப் பேசற மாதிரி இருக்கு."

தொட்டிக்காரருக்கு இங்கேயும் வக்காலத்து. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன்.

ஏப்ரல் 6, திங்கள்

எழுதக்கூடக் கை கூசுகிறது.

இன்னும் காஸ் வரவில்லை. நிர்வாகி சமையலறைக்கு வந்தார், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு. பிளம்பரைக் கூப்பிட்டார். சுவருக்குப் பின்னால் சாதாரண காஸ் சிலிண்டர் ஒன்றை வைத்து, தொட்டியிலிருந்து வருகிற குழாயிலேயே அதைக் கோக்கச் சொன்னார். அடுப்பின் மேல் 'கழிவிலிருந்து ஒளி' என்று எழுதிய பலகை அப்படியே தொங்குகிறது. கீழே சிலிண்டர் காஸ் எரியும்.

"ஒரு நாளைக்குத்தான், சிஸ்டர். தொட்டி இருக்கறது உண்மைதானே? எரிஞ்சதும் உண்மைதானே? கொஞ்சம் உடம்பு சரியில்லை, அவ்வளவுதான். வந்தவங்க கிட்ட நோயாளியோட வயித்துப்போக்கையா காட்டப் போறோம்?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இங்கே முழுச் சிலிண்டரை. சமையல் அக்கா தலையைக் குனிந்துகொண்டு காய் நறுக்கினாள். தொட்டிக்காரர் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். நான் என்ன செய்தேன்? "சரி சார்" என்றேன். பூமியிலிருந்து எடுத்ததற்குக் குப்பையின் பெயரை ஒட்டுகிறோம், நான் சரி என்கிறேன்.

ஏப்ரல் 9, வியாழன்

மூன்று பேர் வந்தார்கள். அடுப்பைப் பற்ற வைத்தார்கள். நீலம். கைதட்டினார்கள்.

அவர்களில் ஒரு பெண்மணி மட்டும் தொட்டிக்காரரிடம், "ஒரு நாளைக்கு எவ்வளவு வருது?" என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் நிர்வாகியைப் பார்த்தேன். "நல்லா வருது மேடம்" என்றார் நிர்வாகி. தொட்டிக்காரர் வாயே திறக்கவில்லை. அங்கிருந்தவர்களில் பொய் சொல்லாதவர் அவர் ஒருவர்தான்.

சாயங்காலம் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே இருந்தேன். என் கை அப்படி ஒன்றும் அழுக்காக இல்லை.

ஏப்ரல் 15, புதன்

தொட்டி ஏன் செத்தது என்று நிர்வாகக் குழுவுக்கு அறிக்கை கொடுக்க வேண்டும் என்றார்கள். ஒரு பக்கம் எழுதினேன். எழுதியது இது: 'பராமரிப்பாளர் சுகாதார விதிகளைப் பின்பற்றவில்லை. பதிவேட்டில் தவறாகக் கையெழுத்திட்டார். மார்ச் 24 அன்று கழிவு இடுவதைத் தாமாகவே நிறுத்தினார். அலட்சியமே காரணம்.' நடந்ததைத்தான் எழுதினேன். ஒரு வரிகூடக் கற்பனை இல்லை.

மதியமே அவரைப் போகச் சொல்லிவிட்டார்கள். கிளறுகிற நீளக் கழியைக் கழுவித் துடைத்துச் சுவரில் சாய்த்தார். சாவியை என்னிடம் தந்தார்.

"யார் வந்தாலும் அதைக் கொஞ்ச நாள் பட்டினி போடச் சொல்லுங்க, சிஸ்டர்" என்றார்.

வேலை போகிற அன்றும் அந்தப் பேச்சுதான். கோபமாக ஏதாவது சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். அவர் மனைவிக்குத் தையல் வேலை, இரண்டு பெண்கள் படிக்கிறார்கள் என்று சமையல் அக்கா சொன்னாள். யாரும் கேட்காமலேயே சொன்னாள்.

ஏப்ரல் 17, வெள்ளி

சான்றிதழ் வந்துவிட்டது. கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்கள். பச்சை இலை, தங்க எழுத்து. அதற்கு நேர் கீழே நின்றுதான் குப்பை லாரிக்காரன் கையெழுத்து வாங்குகிறான். டீசல் லாரி, தினம் இரண்டு நடை, நம் மிச்சம் மீதியை ஊருக்கு வெளியே கொட்ட.

தூ.

ஏப்ரல் 21, செவ்வாய்

இந்தத் தொட்டிக்கு ஒரு முடிவு கட்டுவது என்று தீர்மானித்தேன். அது கிருமிக் கிடங்கு என்று எழுத்தில் காட்டிவிட்டால் மூடிவிடுவார்கள். ஒரு பாட்டிலில் கூழை எடுத்துக்கொண்டு லேப்புக்குப் போனேன். லேப்காரியும் நானும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவளுக்கு எதிலும் அருவருப்பு கிடையாது, சளிக் குப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிஸ்கட் தின்பாள்.

மூடியைத் திறந்து மோந்தாள். ஒரு சொட்டைக் கண்ணாடியில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஏண்டி, இதுல என்னத்தை ஊத்துன?"

"நான் எங்கே ஊத்தினேன்? சமையலறைக் கழிவு."

"கழிவுல கோடிக்கணக்குல மொய்க்கணும். இங்க கடைத்தெருவுல ஊரடங்கு போட்ட மாதிரி இருக்கு. நாற்றம் வேற புளிப்பும் மருந்துமா இருக்கே."

பவுடர் தண்ணீரைப் பற்றிச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. மூன்று கண்ணாடிப் பாட்டில் எடுத்தாள். ஒன்றில் என் தொட்டிக் கூழ். இரண்டாவதில் பால் பண்ணையிலிருந்து வாங்கி வரச் சொன்ன புதுச் சாணமும் தண்ணீரும். மூன்றாவதில் அதே புதுச் சாணம், ஆனால் என்னுடைய வாளி கழுவிய பவுடர் தண்ணீரில் கரைத்தது. மூன்றிலும் ஒரு கரண்டி சோற்றுக் கூழ். மூன்றின் வாயிலும் அறுவை அரங்கக் கையுறையை மாட்டிக் கட்டி, கதகதப்புப் பெட்டிக்குள் வைத்தாள்.

"காஸ் வந்தா கை எழுந்திரிக்கும். ஒரு வாரம் பார்ப்போம்."

ஏப்ரல் 24, வெள்ளி

லேப் பக்கம் போகவில்லை. வேலை இருந்தது. இருந்தது என்று எழுதுகிறேன், இல்லை.

ஏப்ரல் 28, செவ்வாய்

கூப்பிட்டாள். போனேன்.

நடுப் பாட்டிலின் கையுறை ஐந்து விரலையும் விரித்துக்கொண்டு எழுந்து நிற்கிறது, குண்டாக. மற்ற இரண்டும் பாட்டில் கழுத்தில் துவண்டு தொங்குகின்றன. பவுடர் தண்ணீர் ஊற்றிய பாட்டிலில் ஒரு விரல்கூட நிமிரவில்லை.

"உள்ள இருக்கற கிருமிதாண்டி காஸை உண்டாக்குது. அதுதான் உன் அடுப்பு. நீ அதைப் போய் ரெண்டு வேளையும் கொன்னிருக்க" என்றாள். சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

இருபத்திரண்டு வருஷமாக இந்த லேப்பிலிருந்து எனக்கு வருகிற துண்டுச் சீட்டில், கிருமி வளர்ந்ததா என்பதற்கு ஒரே ஒரு பதிலைத்தான் தேடுவேன். வளர்ச்சி இல்லை. கட்டிலைத் தடவி அனுப்பினால் வளர்ச்சி இல்லை, கத்தரிக்கோலைத் தடவி அனுப்பினால் வளர்ச்சி இல்லை. அது வந்தால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கும். இன்றைக்கும் அதேதான் வந்திருக்கிறது.

அவர் அலட்சியம் என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். பத்து நாள் அவர் சாக்கடையில் கவிழ்த்ததால்தான் அந்தப் பத்து நாள் அடுப்பு எரிந்திருக்கிறது. நான் பக்கத்தில் நின்ற ஐந்தாம் நாள் இருமத் தொடங்கியது. என்ன மனுஷி நான். புழுவைப் பார்த்துக் குமட்டினேனே, இப்போது எதைப் பார்த்துக் குமட்டுவது?

ஏப்ரல் 30, வியாழன்

நிர்வாகியிடம் சொன்னேன். அறிக்கையைத் திருத்தித் தருகிறேன், அவரைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்றேன்.

கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் அவர். "சிஸ்டர், நீங்க நல்ல எண்ணத்துலதானே பண்ணீங்க? அந்த ஆளும் போயிட்டாரு, சான்றிதழும் வந்திருச்சு. இப்போ மார்ச்சுலயே தொட்டி செத்துடுச்சுன்னு நீங்க எழுதினா, அன்னிக்கு அடுப்புல எரிஞ்சது எதுன்னு கேப்பாங்க. அப்போ நீங்களும்தானே பக்கத்துல நின்னீங்க?"

பிறகு ஏ.சி. ரிமோட்டை எடுத்து இன்னும் குறைத்தார். எனக்கு வியர்த்திருந்ததாம்.

மே 2, சனி

தொட்டிக்காரரைத் தேடிப் போனேன். நகரின் எல்லையில் ஒரு பெட்ரோல் பங்கில் டீசல் அடிக்கிறார். நீலச் சட்டை, தொப்பி. வரிசையாக லாரிகள். எங்கள் குப்பை லாரியும் அங்கேதான் நிரப்பிக்கொள்கிறது என்று அவரே சொன்னார்.

இடைவேளையில் ஓரமாக வந்தார். பாட்டில், கையுறை, எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையது என்றேன். அந்த வாக்கியத்தை வீட்டிலிருந்தே ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன்.

"தெரியும் சிஸ்டர்" என்றார்.

"தெரிஞ்சா ஏன் சொல்லலே?"

"சொன்னேனே. மூணு தடவை."

வீட்டுக்கு வந்து இந்த நோட்டைப் புரட்டினேன். ஒரு தடவைதான் எழுதியிருக்கிறேன். அதுவும் என் பதில் நன்றாக இருந்ததற்காக. மற்ற இரண்டும் எங்கே போயின? யோசித்து யோசித்து ஒன்று ஞாபகம் வந்தது. ஊற்றும்போது, "உள்ள இருக்கறதுங்க தாங்காது, சிஸ்டர்" என்றார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது எனக்கு ஞாபகமே இல்லை.

திரும்பி வருவீர்களா என்று கேட்டதற்கு அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "இங்க வேலை சுலபம். கை நாறுது, ஆனா யாரும் தப்பு சொல்லலே" என்றார். அடுத்த லாரி ஹாரன் அடித்தது.

மே 4, திங்கள்

எழுதிவிட்டேன். இரண்டு பிரதி. ஒன்று நிர்வாகக் குழுவுக்கு, ஒன்று சான்றிதழ் கொடுத்தவர்களுக்கு. என் விதி, என் பவுடர், என் அறிக்கை. ஏப்ரல் ஒன்பதாம் தேதி சிலிண்டர். நான் பக்கத்தில் நின்றதும்.

வீட்டுக்காரர் படித்துப் பார்த்தார். "ஓய்வு பெற இன்னும் நாலு வருஷம் இருக்கு உனக்கு" என்றார். தெரியும் என்றேன். தபால் பெட்டி வரை கூடவே நடந்து வந்தார், மூச்சு வாங்க.

மே 14, வியாழன்

சான்றிதழைக் கழற்றிவிட்டார்கள். சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது.

எனக்குப் பதவி போய்விட்டது. தொற்றுத் தடுப்புக்கு வேறு ஆள். நான் துணிகளை வேகவைக்கும் பிரிவில், அடித்தளத்தில். நிர்வாகிக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், அவ்வளவுதான், அதே அறை, அதே பதினெட்டு. சாப்பாட்டு மேசையில் நான் போய் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலி காலியாகிவிடுகிறது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. நாற்றம் எனக்குப் புதிதல்ல. ஆனால் நாற்றம் நானாக இருப்பது புதிது.

மே 19, செவ்வாய்

தொட்டியை மூடி அதன் மேல் இன்னொரு ஜெனரேட்டர் வைக்கத்தான் நினைத்தார்கள். ஆனால் லாரிக்காரர்கள் இனிமேல் ஈரக் கழிவை எடுக்க மாட்டோம் என்று கடிதம் கொடுத்துவிட்டார்கள். வாளிகள் இரண்டு நாளாகக் கொல்லையில் நிற்கின்றன. வெயில் வேறு. நிர்வாகி அறை ஜன்னல் வரை நாற்றம் ஏறிவிட்டது. ஞானம் மூக்கு வழியாகத்தான் அவருக்கு வரும் போலிருக்கிறது. தொட்டிக்காரருக்கு ஆள் அனுப்பினார்.

அவர் எழுத்தில் கேட்டாராம்: முதல் அறிக்கை தப்பு என்று தன் பெயருக்குக் கடிதம் வேண்டும். கொடுத்துவிட்டார்கள். இரண்டாவது நிபந்தனை என்னைப் பற்றியது. சமையல் அக்கா அதைச் சொல்லத் தயங்கினாள். பவுடர் சிஸ்டர் தொட்டிப் பக்கம் வரக்கூடாது.

நியாயம்தான். நியாயம் என்று எழுதிவிட்டு அழுதேன்.

மே 21, வியாழன்

வந்துவிட்டார். பாதித் தொட்டியை இறைத்து எடுத்தார்கள், நாள் முழுக்க. அந்த நாற்றத்தை எழுத என்னிடம் வார்த்தை இல்லை, நான்கு மாடியும் ஜன்னலைச் சாத்தியது. பால் பண்ணைச் சாணம் இரண்டு வண்டி.

சமையலறைப் பின்வாசலிலிருந்து நாலடி தள்ளித் தரையில் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டிருக்கிறார். அறுவை அரங்க வாசலில் நான் போட்டு வைத்திருக்கிறேனே, செருப்போடு யாரும் தாண்டக்கூடாது என்று, அதே அகலம். வாளியிலிருந்து கையுறை, பிளாஸ்டிக், எலும்பு பொறுக்க ஆள் வேண்டும், யாரும் வரவில்லை என்று கேள்விப்பட்டு, என் வேலை நேரத்துக்கு முன்னால் ஒரு மணி நேரம் நான் செய்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

"கோட்டுக்கு அந்தப் பக்கம்னா செய்யட்டும். வெறும் தண்ணி" என்று பதில் வந்தது.

ஜூன் 8, திங்கள்

பதினேழு நாளாகப் பொறுக்குகிறேன். தினமும் குமட்டுகிறது. இது போகும், பழகிவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், போகவில்லை. இன்று ஒரு பல் செட் கிடைத்தது. ஆறாம் வார்டுப் பெரியவருடையது. கொதிக்க வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு நாளாகத் தேடினாராம்.

தொட்டிக்காரர் ஒரு நாளைக்கு அரை வாளிதான் போடுகிறார். மீதியைக் குழி வெட்டி மூடுகிறார். என்னோடு பேசுவதில்லை.

ஜூன் 19, வெள்ளி

காஸ் வருகிறது, ஆனால் பற்றவில்லை. சமையல் அக்கா நாலு தீக்குச்சி வீணாக்கினாள்.

ஜூலை 1, புதன்

காலையில் வாளி பொறுக்கிக்கொண்டிருந்தேன். சமையல் அக்கா உள்ளிருந்து கையை அசைத்தாள். கோட்டுக்கு இந்தப் பக்கம், பின்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். மூன்றாவது அடுப்பில் கஞ்சிப் பானை. அடியில் தீ.

தொட்டிக்காரர் கலக்கும் குழிக்கு அந்தப் பக்கம் குந்தியிருந்தார். அங்கிருந்து அடுப்பு தெரியாது, நடுவில் சுவர். நான் நிற்கிற இடத்திலிருந்துதான் தெரியும்.

"எரியுதா?" என்றார். சுற்றிப் பார்த்தேன். என்னைத்தான் கேட்டார்.

"எரியுது."

"மஞ்சளாவா?"

"இல்லை. நீலமா. நுனியில மட்டும் கொஞ்சம் மஞ்சள்."

"சத்தம்?"

"சத்தமில்லை. ஒரே சீரா நிக்குது."

கழியைக் கீழே வைத்தார். ஓரமாக வைத்திருந்த இரண்டாவது வாளியை எடுத்துக் குழியில் ஊற்றினார். ஆறு வாரமாக ஒரு நாளைக்கு அரை வாளிக்கு மேல் போடாதவர். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு ஊற்றுவார் என்று நினைத்தேன். போய்ப் பார்க்கவில்லை.